ம் கொட்டுகிற பிள்ளை

1

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம். மகளைக் கூட்டிப்போக கிண்டர்கார்டன் வாசலில் நின்றேன். அவளுடைய ஆசிரியை வெளியே வந்து, “உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்” என்றார். ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் ஒரு டீயாவது கிடைக்கும். இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் ஏதோ தாளில் தப்பு என்று அர்த்தம். எங்கேயோ கையெழுத்துப் போட மறந்திருப்போம், அல்லது போடக்கூடாத இடத்தில் போட்டிருப்போம்.

நான் முத்து. சீவலப்பேரிக்காரன். திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். இப்போது ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊரில் பேக்கரியில் மாவு பிசைகிறேன். என் மனைவி செல்வி இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுடைய படிப்புக்குத்தான் விசா கிடைத்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். எங்கள் மகள் காந்திமதி கைக்குழந்தையாக விமானம் ஏறினாள். மதி என்று கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு ஆறு வயது ஆகப்போகிற நேரம்.

ஆசிரியையின் பெயர் பிரிகிட்டே. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். முழங்கால் இரண்டும் தாடையை இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் கெட்ட செய்தி கேட்பது கஷ்டம்.

“மதி நல்ல பிள்ளை. யாரையும் அடிப்பதில்லை, கடிப்பதில்லை. ஆனால் இங்கே ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை” என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். “இன்னொன்று. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கதை வாசிப்போம். அப்போது மட்டும் ஒரு சத்தம் போடுகிறாள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இவள் நிறுத்துவதில்லை. அவளுக்கு எங்காவது வலிக்கிறதா? காதைப் பரிசோதித்திருக்கிறீர்களா?”

அப்புறம் பைய இன்னொன்றையும் சொன்னார். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் வசந்தத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த ஊர் மொழி எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார்களாம். தேறாவிட்டால் அவளோடு விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் இங்கேயே தங்க வேண்டி வரலாம்.

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். பரிதாபப்படுகிறவரிடம் என்ன சொல்வது?

2

காது டாக்டரைப் பார்க்க இங்கே நினைத்த நேரத்தில் போக முடியாது. போன் செய்தால் ஒரு இசை ஓடும். இசைக்குப் பின்னால் ஒரு பெண் வந்து, வேறொரு எண்ணுக்குப் போன் செய்யச் சொல்வார். அந்த எண்ணிலும் அதே இசை. எப்படியோ நாள் வாங்கிப் போனோம். டாக்டர் இரண்டு காதையும் குடைந்து பார்த்துவிட்டு, “உங்களைவிட நன்றாகக் கேட்கிறது” என்றார்.

செல்விக்கு அப்போது பின்மதிய ஷிப்ட். நான் விடியுமுன்னே பேக்கரிக்குப் போய், மத்தியானம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சாப்பிட்டதும் கண் சொருகும். அந்த நேரத்தில்தான் மதிக்குப் புத்தகம் வாசிப்பது வழக்கம். பிள்ளையின் அறிவு வளரட்டும் என்று தொடங்கியதாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அவள் தூங்கினால் நானும் தூங்கலாம், அவ்வளவுதான். நடந்தது தலைகீழ். அவள் முழித்திருப்பாள், நான் தூங்கிவிடுவேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் படப்புத்தகம். ஊருக்குப் போயிருந்தபோது டவுணில் ரதவீதி ஓரமாகத் தரையில் விரித்து விற்றுக்கொண்டிருந்தவரிடம் செல்வி வாங்கியது. பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டியோடு கிடந்து, அட்டையில் பழுப்புக் கறை. மதி அந்த மூலையை நக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு எருமை டவுண் பஸ்ஸில் ஏறிய கதை. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், எருமை அசைபோட்டுக்கொண்டே நிற்கிறது. அச்சில் பஸ் எங்கே போகிறது என்று இல்லை. என் வாயில் அது சீவலப்பேரியிலிருந்து புறப்பட்டு, பாளையங்கோட்டை தாண்டி, வண்ணார்பேட்டை வளைவில் எருமை ஒரு பக்கமாகச் சாய, பஸ்ஸும் சாய, டவுணுக்குப் போகும்.

டாக்டரிடம் போய்வந்த மறுநாளும் அதையே எடுத்தேன்.

“எருமை பஸ்ஸில் ஏறிச்சு.”

“ம்.”

“கண்டக்டர் பார்த்தார்.”

“ம்.”

“ஏய், உனக்கு எதுக்கு இந்த பஸ்ஸுன்னு கேட்டார்.”

“ம்.”

புத்தகத்தை மூடிவிட்டு மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், எதற்கு நிறுத்தினாய் என்கிற மாதிரி. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை ம் கொட்டுகிறாள்! அதைத்தான் நாங்கள் வலியோ வியாதியோ என்று டாக்டர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். போதாததற்கு அவளுக்கு அதைப் பழக்கிவிட்டதே நான்தான். முதன்முதலில் வாசித்தபோது, “ம் கொட்டுளா, இல்லன்னா அப்பா கதைய நிறுத்திருவேன்” என்று மிரட்டியிருந்தேன். அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிரிகிட்டேயும் கதையை நிறுத்திவிடக் கூடாதே என்று அங்கேயும் கொட்டியிருக்கிறாள்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் அம்மா நாற்று நடுகைக்குப் போனவள். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகமும் சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரும் தவிர அச்சடித்தது எதுவும் கிடையாது. ஆனால் டவுணில் படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் வயலில் அந்தப் படத்தை முழுசாக ஓட்டிவிடுவாள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். அம்மா கதை சொல்வாள். ஒவ்வொரு வரிக்கும் அந்த வரிசை முழுக்க ம் கேட்க வேண்டும். குனிந்த வாக்கில் யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது. ம் வந்தால்தான் ஆள் கேட்கிறாள் என்று அர்த்தம், கையும் ஓடுகிறது என்று அர்த்தம்.

எங்கேயாவது ம் குறைந்தால் அம்மா கதையை அப்படியே நிறுத்திவிடுவாள்.

“எவளா அங்கன தூங்குதது? கதாநாயகி ஆத்துல விழுந்து கெடக்கா. நீ ம் கொட்டுனாத்தான் கரையேறுவா.”

ஒரு பிடி சேறு பறக்கும். வரிசை முழுக்கச் சிரிப்பு. வரப்பில் உட்கார்ந்திருக்கும் என் மேலும் கொஞ்சம் விழும். நடு வெயிலில் இடுப்பு ஒடிகிற வேலை அது. அதை அழகு என்று எழுத எனக்கு மனம் வராது. அம்மாவின் இடுப்பு கடைசிவரை நிமிரவில்லை. அந்த வேலையை அவர்கள் கதை போட்டுத்தான் கடத்தினார்கள்.

அதனால் எனக்குக் கதை என்றால் ஒருவர் சொல்ல இன்னொருவர் சும்மா இருப்பதல்ல. இரண்டு பேரும் வேலை பார்க்க வேண்டும்.

4

இதை பிரிகிட்டேயிடம் சொல்லப் போனேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முக்கால்வாசி மாவு, அடுப்பு, சூடு, சீக்கிரம். இந்த நான்கை வைத்துக்கொண்டு சீவலப்பேரி நடுகையை விளக்க முடியாது. கடைசியில் நடித்தே காட்டினேன். கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கதை மாதிரி வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவரை ம் சொல்ல வைத்தேன். “குழாயைத் திற.” “ம்.” “சோப்பு போடு.” “ம்.” பாதியில் அவருக்குப் புரிந்துவிட்டது. மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“அப்படியானால் என் வகுப்பில் ஒழுங்காகக் கதை கேட்கிறவள் அவள் ஒருத்திதான்” என்றார்.

காதுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வாய்? பிள்ளை அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்படியேதான் இருந்தது. வசந்தமும் வந்துகொண்டிருந்தது.

அந்த வார இறுதியில் பக்கத்துப் பெரிய நகரத்துக்குச் சாமான் வாங்கப் போனேன். நம்மூர்ச் சாமான் விற்கிற கடை ஒன்று அங்கே இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சியும் திருநெல்வேலி டவுண்காரர். இளவயதில் வந்தவர், இப்போது தலை முழுக்க நரை.

“என்னவே முத்து, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

சொன்னேன். அவர் அரிசி மூட்டையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நாஞ் சொல்லுதத கேளும். வீட்ல தமிழ நிறுத்தும். இன்னைக்கே நிறுத்தும். எம் மூத்தவன இப்படித்தான் ஒரு வருசம் பின்னால போட்டுட்டானுவ. கூட்டாளியெல்லாம் பை தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறான். இவன் சன்னல்ல நின்னு பாக்கான். அந்தப் பிள்ள அழுத அழுகை எனக்குத்தான்வே தெரியும்.”

“பொறவு நிறுத்திட்டியளா அண்ணாச்சி?”

“நிறுத்தாம? அன்னையிலேருந்து வீட்ல ஜெர்மன்தான். ரெண்டு பயலுவளும் நல்லாப் படிச்சானுவ. நல்ல வேலையில இருக்கானுவ.” கருப்பட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல மேலும் சொன்னார். “எங்கூடத்தான் பேச ஒண்ணுமில்ல. நல்லாருக்கியா, சாப்ட்டியா, அம்புட்டுத்தான். நான் ஜெர்மன்ல எம்புட்டுத்தான் பேச முடியும், அவனுவ தமிழ்ல எம்புட்டுத்தான் பேச முடியும், சொல்லும்.”

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

செல்வியிடம் சொன்னேன். வேலை முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க சொன்னாச் சரி. பிள்ள அழக்கூடாது, அம்புட்டுத்தான் எனக்கு. ஆனா ஒண்ணு. அந்தப் பாசையில எனக்கு ஊசி போடத் தெரியும், மாத்திர குடுக்கத் தெரியும். கொஞ்சத் தெரியாது.”

5

எருமைப் புத்தகம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. நூலகத்திலிருந்து ஒரு ஜெர்மன் படப்புத்தகம் எடுத்து வந்தேன். ஒரு முள்ளம்பன்றி குளிர்காலத்துக்கு இலை சேர்க்கிற கதை. நல்ல புத்தகம். வாசித்த ஆள்தான் சரியில்லை. ஒவ்வொரு சொல்லிலும் பிரேக் பிடித்தேன். முள்ளம்பன்றி இலையை எடுப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும் போலிருந்தது. மதி ம் கொட்டவில்லை. இரண்டாம் பக்கத்தில் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். கோபமாக இல்லை. பைய, வலிக்காமல் பொத்தினாள்.

சில நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். வேறு மாதிரி ஆயிற்று. நாங்கள் அவளிடம் தமிழை நிறுத்த, அவள் எங்களிடம் பேச்சையே நிறுத்தினாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பினாள். செல்வி வேலையிலிருந்து வந்ததும் காலைக் கட்டிக்கொண்டு அன்றைய கதை முழுவதையும் ஒப்பிக்கிற பிள்ளை, இப்போது காலைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். ஒரு மொழியில் பேசாமல் இருந்தவள் இரண்டு மொழியிலும் பேசாமல் ஆகிவிட்டாள். வீட்டில் குளிர்பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும். இந்தப் பிள்ளை என்னிடம் இனி எதையும் சொல்லவே மாட்டாளோ என்பதுதான் அந்தப் பயம்.

அப்போதுதான் என் தங்கை மாரி ஊரிலிருந்து வீடியோவில் வந்தாள். மாரிக்குச் சீவலப்பேரியில் வீடு. நான் விட்டுவந்த அதே தொழில்தான், டவுணில் ஜவுளிக்கடை. காலையில் பஸ் ஏறி, நாள் முழுக்க நின்று, இருட்டிய பிறகு வந்து சோறு பொங்குகிறவள். மதி அத்தையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

“என்னண்ணே, பிள்ள பேசாமப் போறா? அத்தை மேல என்ன கோவம் அவளுக்கு?”

சொன்னேன். அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எங்கூட்லயும் அதே கததான்ணே. எம் பயல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்ருக்கம்லா. வீட்லயும் இங்கிலீஷ்ல பேசுங்க, புஸ்தகத்த வாசிச்சுக் காட்டுங்கன்னு டீச்சர் சொல்லுதா. நான் வாசிச்சா தப்பாயிரும். தப்பா வாசிச்சு அவன் அங்கன போய் தப்பாச் சொல்லிட்டாம்னா? அதான் ஒண்ணையும் வாசிக்கதில்ல. சோறு ஊட்டும்போது போனக் கையில குடுத்துருதேன். அது தப்பு விடாதுல்லா.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்க நின்ற கால் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் மேல் அக்கறை இல்லாமலா அவள் போனைக் கொடுத்தாள்? தப்பாகிவிடுமே என்ற அக்கறையில்தான் கொடுத்தாள். நான் முள்ளம்பன்றியை எடுத்ததும் அதே அக்கறைதான். கடல் கடந்து வந்து படித்தவர்கள் நடுவில் இருக்கிறேன் என்று பேர். அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளத்தில் விழுந்து கிடந்தோம்.

6

அடுத்த வாரம் பிரிகிட்டே என்னை மறுபடி அழைத்தார். மறுபடி அந்தக் குட்டி நாற்காலி.

“மதி இப்போது கதை நேரத்தில் அந்தச் சத்தம் போடுவதில்லை. மற்ற பிள்ளைகள்கூட, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். நீங்கள் திட்டினீர்களா?”

திட்டவில்லை, வீட்டில் எங்கள் மொழியை நிறுத்திவிட்டோம் என்றேன். அவர் முகம் மாறியது.

“யார் சொன்னது அப்படிச் செய்ய?”

யாரும் இல்லை என்றேன். அண்ணாச்சியைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. அவர் சொன்னதும் அன்பில்தான்.

“ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்” என்றார் பிரிகிட்டே. “உங்களுக்கு எந்த மொழியில் வாசித்தால் சிரிப்பு வருமோ அதில் வாசியுங்கள். கதை பிடித்த பிள்ளை என்றால் நாங்கள் எதையாவது செய்துவிடுவோம். கதையே பிடிக்காமல் போய்விட்டால் எங்களுக்கும் வழி தெரியாது.”

அன்று மத்தியானம் எருமை கீழே இறங்கியது. மதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகுக்கு வாசித்தேன். ம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் வண்ணார்பேட்டை வளைவில் எருமையை வேண்டுமென்றே ஒரு போலீஸ்காரர் மடியில் விழவைத்தேன். முதுகு லேசாகக் குலுங்கியது. ம் இல்லை.

பிறகு ஒரு நாள் பேக்கரியில் பண்டிகைக் கால வேலை. நின்றுகொண்டே தூங்குகிற நிலைமை. வீட்டுக்கு வந்து எருமையை பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் விசில் அடித்தாரா என்றுகூட நினைவில்லை. புத்தகம் மூஞ்சியில் விழுந்து தூங்கிவிட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் ஏதோ கேட்டு முழித்தேன்.

“ம்.”

நான் அசையவில்லை.

“ம்... ம்ம்... யப்பா, ம்ங்கேன்லா!”

சட்டையைப் பிடித்து இழுத்தாள். “யப்பா, எரும இன்னும் எறங்கலப்பா. நீ பாட்டுக்குத் தூங்குத!”

எத்தனை நாளுக்குப் பிறகு கேட்கிற குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி வந்து கேட்டபோது தூக்கக் கலக்கம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எருமை எங்கே இறங்கியது என்று அவளும் கேட்டாள்.

அன்றைக்கே மாரிக்குப் போன் போட்டேன். அவளிடம் சொன்னதைத்தான் இதை வாசிக்கிற அப்பா அம்மாக்களுக்கும் சொல்கிறேன். இங்கிலீஷ் புத்தகத்தை டீச்சர் வாசிக்கட்டும். நீ உனக்கு வருகிற தமிழில் வாசி. எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பிள்ளைக்கு அது குறையாகத் தெரியாது. தினமும் முடியாவிட்டால் முடிகிற அன்றைக்கு வாசி. ஒரே புத்தகமா என்று கூச்சப்படாதே, பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான் பிடிக்கும், அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருப்பதில் அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். புத்தகத்தை மடக்கினால் மடக்கட்டும், மூலையைக் கடித்தால் கடிக்கட்டும். கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளையும் வாசித்ததில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தால் வாசிக்கும்போதே தூங்கிவிடு. அதுவும் நடக்கும், நான் சாட்சி.

“போண்ணே, நீ பெரிய வாத்தியாரு” என்று சிரித்தாள். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். வேலை முடிந்து வருகிற வழியில் ரதவீதியில் அதே எருமைப் புத்தகத்தைத் தேடி வாங்கிவிட்டாளாம்.

“இந்தப் பய என்ன கேக்காம் தெரியுமாண்ணே? நம்ம பஸ்லயும் எரும ஏறுமாம்மாங்கான். ஏறும்லே, கூட்டத்துல நமக்குத்தான் தெரியலன்னேன். இப்ப பஸ்ல ஏறுனா சீட்டுக்கு அடியிலயே பாத்துட்டு வாரான்.”

7

வசந்தத்தில் அந்தச் சோதனை வந்தது. அரசாங்கக் கட்டடம், நீளமான நடை, வரிசையாகச் சாத்திய கதவுகள். நம்மூர்த் தாலுகா ஆபீஸ் என்றால் வராந்தாவில் நாலு பேராவது பேசிக்கொண்டிருப்பார்கள், யாரிடமாவது விசாரிக்கலாம். இங்கே என் செருப்புச் சத்தம் மட்டும் என்கூட வந்தது. மதி என் விரலை நெரித்துப் பிடித்திருந்தாள்.

உள்ளே இருந்தவர் வயதான பெண்மணி. நான்கு படங்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒரு பையன் தொப்பி போட்டுக்கொண்டு போகிறான். காற்று அடிக்கிறது. தொப்பி பறந்து ஒரு நாயின் தலையில் உட்காருகிறது. கடைசிப் படத்தில் பையனும் நாயும் பக்கத்தில் பக்கத்தில்.

“என்ன நடக்கிறது, சொல்லேன்” என்று ஜெர்மனில் கேட்டார். மதி மேசையின் விளிம்பைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். வேறு சொற்களில் கேட்டார். ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் மகன் சன்னலில் நின்ற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வீட்டில் எந்த மொழியில் கதை கேட்பாள்?”

“தமிழ்.”

“அப்படியானால் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். எனக்குப் புரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். “சொல்லுளா, அப்பாக்குச் சொல்லு.”

மதி முதல் படத்தில் விரலை வைத்தாள். “ஒரு பய தொப்பி போட்டுட்டுப் போறான்” என்றாள், பாதிக் குரலில். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேலே சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ம்” என்றேன்.

“காத்து வந்து தொப்பியப் பிடுங்கிட்டுப் போயிட்டு.”

“ம்.”

“அவன் அழுவுதான். எங்கம்ம அடிப்பாங்கான்.”

“ம்.”

“அங்கன ஒரு நாயி நிக்கி. அதுக்குத் தொப்பியே கிடையாது. அதுக்குக் குளுருது. தொப்பி பைய அது தலையில உக்காந்துட்டு. நாயி, நான் தரமாட்டேங்கு.”

“ம்.”

“அவன், சரி நீயே வச்சுக்கோ, ஆனா எங்கூட பஸ்ல வான்னுட்டான்.”

படத்தில் பஸ்ஸே இல்லை. இவள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட் எடுக்கவைத்து, நாய்க்குச் சன்னலோரம் இடம் கொடுத்து, பையனின் அம்மாவை வாசலில் நிற்கவைத்து, அவள் அடிக்காமல் இருவருக்கும் சோறு போடுகிற வரைக்கும் கொண்டுபோய்விட்டுத்தான் மூச்சு விட்டாள். ஜவுளிக்கடையில் வருஷக்கணக்காக வாய் ஓயாமல் பேசியவன் நான். கேட்பதும் ஒரு வேலைதான் என்று அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த அம்மா ஏதோ எழுதினார். பிறகு என்னிடம் சொன்னார். ஜெர்மன் போதாது. அதை மறைக்க முடியாது. கோடை வரைக்கும் காலையில் தனியாக ஒரு சிறு குழுவில் மொழி சொல்லித்தருவார்கள், அதற்குப் பிறகுதான் பள்ளி பற்றி முடிவு. “ஆனால் உங்கள் மகளுக்குக் கதை சொல்லத் தெரிகிறது. கடைசிப் படத்தையும் தாண்டிப் போனாள் இல்லையா? எவ்வளவு நேரம் சொன்னாள் என்று பார்த்தேன். அந்தப் பஸ்ஸில் யார் வந்தார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். மாவும் அடுப்பும் கலந்த என் ஜெர்மனில்.

8

போன வாரம் மதியைக் கூட்டிவரப் போனபோது பிரிகிட்டே வாசலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை. என்னவோ ஏதோ என்று சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அன்றைக்கு வட்டத்தில் ஒரு நரிக் கதை வாசித்திருக்கிறார். நரி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற இடத்தில் தொலைபேசி அடித்திருக்கிறது. பேசிவிட்டு வருவதற்குள் சாப்பாட்டு நேரம். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று புத்தகத்தை மூடி, பிள்ளைகளை எழுப்பிவிட்டிருக்கிறார். எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். மதி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவருடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சுத்தமான ஜெர்மனில் கேட்டிருக்கிறாள்:

“பிறகு?”

“நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்” என்றார் பிரிகிட்டே. அவர் கண் ஈரமாக இருந்தது. “எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுக் கதையை முடித்த பிறகுதான் சாப்பிடப் போனோம். சூப் பச்சைத் தண்ணீராக ஆறிவிட்டது.”

மறுநாள் ஒரு பிள்ளையின் அம்மா, ஆறிப்போன சூப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பற்றி நிர்வாகத்திடம் புகார் சொன்னாராம். சொல்லட்டும்.